என்ன பனி?

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் மனைவி படித்துவிடுவார். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறார். பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தைக்கூட நீவிவிட்டு வாசிக்கிற பெண்மணி என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு சொல்தான். சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தைரியம் போய்விடக்கூடும், அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் எனக்கு லேப் வேலை. அவர் கல் உடைக்கும் கிரஷரில் ஆபரேட்டர். கம்பெனி வேறு என்றாலும் கேம்ப் ஒன்றுதான். என் அறைக்கு எதிர் அறை அவருடையது. ஐம்பதைத் தொட்ட வயது, ஒல்லி, காதோரம் நரை. கிரஷர் தூசி அவர் புருவத்தில் எப்போதும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். குளித்துவிட்டு வந்தாலும் இருக்கும்.

முதல் பேச்சே சண்டை மாதிரிதான் ஆரம்பித்தது. டிசம்பர் மாதக் காலை, மெஸ் வாசலில் வரிசையில் நிற்கிறோம். பின்னால் நின்றவரிடம் சும்மா பேச்சுக்கு, இன்றைக்கு நல்ல பனி என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன பனி?” என்றார்.

காது கேட்கவில்லை போலும், கிரஷர் ஆள்தானே என்று நினைத்து, பனி அண்ணே பனி என்று சத்தமாகச் சொன்னேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அங்கே நின்றிருந்த பிக்கப் வண்டியின் பானட்டில் என் புறங்கையை வைத்து அழுத்தினார். ஈரமாக இருக்கிறதா, ஒட்டுகிறதா என்று கேட்டார். ஈரம் என்றேன். அப்படியானால் இது நீர்ப்பனி, அப்படிச் சொல்லிப் பழகுங்கள் தம்பி என்று சொல்லிவிட்டு, என் இடத்திலேயே வரிசையில் போய் நின்றுகொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

நான் மன்னார்குடிக்காரன். எங்கள் பக்கம் பனி என்றால் பனிதான். மார்கழியில் வயல் வரப்பில் கால் நனையும், தலையில் மப்ளர் கட்டாவிட்டால் அம்மா திட்டுவாள், அவ்வளவு. அதிலே வகை பிரிக்க என்ன இருக்கிறது? அவர் ஊரில் இருந்தது. ஐப்பசியில் நீர்ப்பனி விழும். அது போய்க் கார்த்திகை பிறந்ததும் உறைபனி. ஒரே ஒரு ராத்திரி உறைபனி கொட்டினால் போதும், காலையில் தேயிலைச் செடி வெந்த கீரை மாதிரி நிற்குமாம். அப்புறம் ஆறு வாரத்துக்கு வேலையில்லை. மூடுபனி வேறு, அது இலையை ஒன்றும் செய்யாது, ஆளைத்தான் செய்யும். ஆலங்கட்டி பனியே இல்லை, அது மழையின் சாதி. இதையெல்லாம் அவர் பாடம் நடத்துகிற மாதிரி சொல்ல மாட்டார். யாராவது வெறுமனே பனி என்று சொன்னால் பல் கூசின மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, “வார்த்தை ஒண்ணுதான் இருக்குது. ஆபத்து நாலு இருக்குதில்ல?” என்பார்.

கேம்ப்பே அவரைக் கேலி செய்தது. என் அறைக்காரன் பாலா, அறந்தாங்கிப் பையன், அவர் குரலை அச்சு அசலாக எடுப்பான். ஒருமுறை மெஸ்ஸில் ஃப்ரீசர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அண்ணே, இது என்ன பனி என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, குனிந்து, நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, இது பனியில்லை, கதவு ரப்பர் கிழிந்திருக்கிறது, மெஸ்காரரிடம் சொல்லுங்கள் என்று பதில் சொல்லிவிட்டுப் போனார். ரப்பர் கிழிந்துதான் இருந்தது.

இந்த மனிதர் விடுமுறை நாளில் தனியாக மலைக்குப் போய்வருகிறார் என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஜெபல் ஜைஸ் மலைக்குப் போகிற பெரிய ரோட்டில் ஒரு வளைவில் இறங்கி, கழுதைத் தடம் ஒன்று ஏறும். முன்காலத்து மலைவாசிகள் போட்ட தடம். மேலே அவர்கள் விட்டுப்போன கல் வீடுகள் இருக்கின்றன. முட்டி போட்டுத்தான் நுழைய முடியும், அவ்வளவு சின்ன வாசல். சிலவற்றில் இன்னும் பூட்டுத் தொங்குகிறது. ரோட்டிலிருந்து அந்த வீடுகள் வரை இவர் பதினோரு இடத்தில் கல்லை அடுக்கி அடையாளம் வைத்திருந்தார். இடுப்பு உயரம். ஒவ்வோர் அடுக்கின் தலையிலும் ஒரு தட்டைக் கல், அதன் மேல் முட்டை அளவு ஒரு கூழாங்கல்.

கூழாங்கல் தட்டுவதற்கு. மேலே திடீரென்று மூடுபனி இறங்கும். அப்போது கூப்பிட்டால் குரல் ஒரு பக்கம் கிளம்பி வேறு பக்கத்திலிருந்து வரும். அதை நம்பி நடந்தால் பள்ளம். கல்லில் கல் தட்டுகிற சத்தம் மட்டும் இடம் மாறாது என்பார். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று. அவரோடு போகும்போது ஒவ்வோர் அடுக்கிலும் நின்று தட்டுவார். தட்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். யார் திருப்பித் தட்டப்போகிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன். யாரும் தட்டலையான்னு பாக்குறேன் தம்பி என்றார். அன்று முழுக்க எனக்கு முதுகுப் பக்கம் ஒரு மாதிரியாகவே இருந்தது.

பூட்டிய வீடுகளைக் கடக்கும்போதும் அப்படித்தான். வாசலுக்கு நேரே நடக்க மாட்டார், சுற்றிக்கொண்டு போவார். ஆளில்லாத வீட்டுக்கு என்ன மரியாதை என்று பாலா கேட்டதற்கு, “ஆளில்லன்னு யாரு சொன்னது? பூட்டிட்டுத்தானே போயிருக்காங்க. பூட்டுனவன் வருவான்ல?” என்றார். அதற்கப்புறம் பாலாவும் சுற்றித்தான் நடந்தான், வாய் மட்டும் கிண்டல் பேசும்.

பதினோராவது அடுக்கின் மறைவில் ஓர் எவர்சில்வர் தட்டு வைத்திருந்தார். அவர் கல்யாணச் சீரில் வந்தது. விளிம்பில் மனைவியின் பெயர் வெட்டியிருக்கும். தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு வருவார். அடுத்த முறை காலையில் போய்ப் பார்த்தால், தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதை வைத்து அன்றைய தடம் தெரிந்துவிடும். ஊரிலும் அவர்கள் வீட்டு முற்றத்தில் இப்படி ஒரு தட்டு உண்டாம். வாரம் ஒருமுறை மனைவியோடு போன் பேசும்போது அந்தத் தட்டும் இந்தத் தட்டும்தான் பேச்சு. உங்கள் பக்கம் எப்படி, என் பக்கம் இப்படி. வெளியே நின்று கேட்டால் இரண்டு ஆபீசர்கள் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

அக்டோபர் கடைசியில் வெயில் அடங்கி மலை சீசன் ஆரம்பிக்கும். எங்கள் கேம்ப்பில் பத்துப் பேருக்கு அந்தப் பைத்தியம் தொற்றியிருந்தது. யாரும் கேட்காமலேயே அவர் முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, வாட்ஸப்பில் குரல் அனுப்புவார். முதல் சில விநாடி காற்று மட்டும் இருக்கும். அப்புறம் மூச்சு. அப்புறம்தான் பேச்சு. ஆறு வரைக்கும் காய்ந்திருக்கிறது. ஏழில் கல் ஆடுகிறது, இடது ஓரமாக வாருங்கள். ஒன்பதில் நீர்ப்பனி, ஒன்பது மணிக்கு மேல் வந்தால் போதும். பதினொன்றில் தட்டு உறைந்திருக்கிறது, பத்தோடு நின்றுகொள்ளுங்கள். நான்காவது அடுக்கை ஒட்டி ஓடை மாதிரி ஒரு சரிவு, நேரே ஏறினால் பாதி தூரம் மிச்சம். அதில் மட்டும் எந்த நாளும் கால் வைக்கக்கூடாது. இதை ஒவ்வொரு முறையும் கடைசியில் சொல்வார்.

ஒரு நாள், வெயில் பளீரென்று அடிக்கிறது, ஏழாவது அடுக்கில் நிற்கிறோம். அவர் புறங்கையைக் கல்லில் வைத்தவர், கன்னத்தையும் வைத்துப் பார்த்தார். திரும்பலாம் என்றார். காரணம் கேட்டால் சொல்லவில்லை. பாலாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிரியாணிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன். ஆனாலும் இறங்கினோம். இவர் சொன்னது சரி என்று ஒரு நாளும் நிரூபணம் ஆனதில்லை, ஏனென்றால் நாங்கள்தான் இறங்கிவிடுவோமே! அதுதான் எங்களுக்கு எரிச்சல். திட்டவும் முடியாது, பாராட்டவும் முடியாது.

இந்த எரிச்சலில்தான் எல்லாம் வந்து முடிந்தது.

டிசம்பர் கடைசி வாரம். மலை உச்சியில் ஸ்னோ கொட்டுகிறது என்று யாரோ ஒரு வீடியோ போட்டுவிட்டான். அரபிக் குடும்பங்கள் வண்டி வண்டியாகப் போய்ப் படம் எடுக்கிற காட்சி. அவரிடம் காட்டினோம். அது ஆலங்கட்டி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவருக்கு அந்த வாரம் நைட் டியூட்டி, மலைக்குப் போய்ப் பார்க்கவும் இல்லை. நாங்கள் ஐந்து பேர், நான், பாலா, பேக்கிங் பிரிவில் மூன்று பையன்கள், அவர் தூங்குகிற நேரம் பார்த்துக் கிளம்பிவிட்டோம். ஸ்னோ பார்க்கிற ஆசை. பாலா கூலிங் கிளாஸ் வேறு மாட்டிக்கொண்டான்.

பதினோராவது அடுக்கை அடையும்போது மதியம் இரண்டு தாண்டிவிட்டது. ஸ்னோவும் இல்லை, ஒன்றும் இல்லை. முள்செடிகளின் மேல் பொடிப்பொடியாக வெள்ளைத் துளிகள். பாறைகள் நனைந்து மினுங்கின. தூரத்தில் வெள்ளையாக ஒரு திரை எழும்பிக்கொண்டிருந்தது. ஊர் ஞாபகம் வந்தது எனக்கு. மார்கழி விடியலில் எங்கள் வயல் இப்படித்தான் இருக்கும்.

அப்போது போன் அடித்தது. அவர்தான். எழுந்து, எங்கள் அறையில் ஆள் இல்லை என்று பார்த்திருக்கிறார். எங்கே இருக்கிறீர்கள் என்றார். பதினொன்றில் என்றேன். 

“என்ன பனி?”

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பாலா வாயசைத்து அவரோடு சேர்ந்தே அதைச் சொன்னான். பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

“நம்ம ஊர் பனிதான் அண்ணே” என்றேன். “ஒரே வெள்ளை. வாங்க, வந்து பாருங்க.”

“கல்லு மேலயா?”

“கல்லு மேல, செடி மேல, எல்லாத்து மேலயும்.”

“எத்தன பேரு?”

“அஞ்சு பேர்.”

“நடக்காதீங்க. அப்படியே உக்காருங்க. வர்றேன்.”

போன் நின்றுவிட்டது. சிக்னல் போயிற்று. பாலாவுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை, அவர் நிஜமாகவே வருவார் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. நான் குனிந்து தட்டைப் பார்த்தேன். அதில் இருந்தது தண்ணீர். காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அப்போது அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரத்தில் அந்த வெள்ளைத் திரை எங்கள் மேல் ஏறிவிட்டது. மூடுபனி. அவ்வளவு கெட்டியாக நான் பார்த்ததில்லை. நீட்டிய கை முழங்கையோடு நின்றுபோனது. பூட்டிய வீடு ஒன்றின் வெளிச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு ஐந்து பேரும் உட்கார்ந்தோம். பூட்டை உடைத்து உள்ளே நுழைய யாருக்கும் மனமில்லை. ஒரு பையன் அழ ஆரம்பித்தான். பாலா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் முணுமுணுத்தான். பயமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தது, எழுந்து நாலடி போகப் பயந்து அடக்கிக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணி இருக்கும். கீழே கல்லில் கல் தட்டியது. மூன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

வந்துவிட்டார் என்று பாலா எழுந்து கத்தினான். பதில் குரல் இல்லை. தட்டுகிற சத்தம் மட்டும். பதினோராவது அடுக்குக்குத் தவழ்ந்து போய் நானும் மூன்று தட்டினேன். அடுத்த தட்டு பத்தாவதிலிருந்து வந்தது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பத்தை நாங்கள் தொட்டதும் சத்தம் ஒன்பதில் கேட்டது. ஒன்பதைத் தொட்டதும் எட்டில். எப்போதும் ஓர் அடுக்குக் கீழே. மனிதர் நின்று இரண்டு வார்த்தை பேசினால் என்ன, அப்படி என்ன கோபம் என்று பாலா திட்டிக்கொண்டே வந்தான். திட்டுவதற்கு அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான்காவது அடுக்குக்கு வந்தபோது பனி விலகி ரோடு தெரிந்தது. அதற்கு மேல் தட்டுகிற சத்தம் கேட்கவில்லை.

ரோட்டில் ஒரு பிக்கப் நின்றது. கேம்ப் மெஸ்ஸுக்குக் காய்கறி கொண்டுவருகிற பாகிஸ்தான்காரப் பட்டாணி டிரைவர் அதில் சாய்ந்து நின்றார். எங்களை எண்ணிப் பார்த்தார். பின்னால் ரோட்டைப் பார்த்தார். அவர் எங்கே என்று எங்களைக் கேட்டார். அதைத்தான் நாங்கள் டிரைவரிடம் கேட்க நினைத்தோம்.

டிரைவர் சொன்னது இதுதான். மூன்றரை மணிக்கு அவரை இங்கே கொண்டுவந்து விட்டாராம். அவர் வழியெல்லாம் ஜல்தி பாய், ஜல்தி பாய் என்று அவசரப்படுத்தினாராம். இறங்கியதும் அடையாளக் கற்கள் பக்கம் போகாமல், ஓடைச் சரிவில் நேரே ஏறினாராம். ஒரு சிகரெட் முடிவதற்குள் கல் சரிகிற சத்தம் கேட்டது. டிரைவர் கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை, மேலே போய்விட்டார் போலும் என்று நினைத்துக்கொண்டார். “உஸ்கே பாத் குச் நஹி சுனா” என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லையாம். தட்டுகிற சத்தம்? அதுவும் கேட்கவில்லை என்று காதைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

போலீஸ் வந்தது. மறுநாள் காலையில் ஹெலிகாப்டர் வந்தது. நான்காவது அடுக்குக்கு நேர் கீழே, சரிவில், பாறைக்கு இடையில் இருந்தார். விழுந்த உடனேயே உயிர் போயிருக்க வேண்டும் என்று அதிகாரி சொன்னார். அப்படியானால் மூன்றேமுக்கால். நாங்கள் தட்டுகிற சத்தத்தைக் கேட்டது ஐந்து மணிக்கு. ஆடு மிதித்துக் கல் உருண்டிருக்கும் என்று பாலா இன்றைக்கும் சொல்கிறான். சரி, ஆடு என்றே வைத்துக்கொள்வோம். ஆடு மூன்று தட்டி நிறுத்துமா?

என்னைக் கொன்றது அது இல்லை. அவர் தோளில் மாட்டியிருந்த பையை அடையாளம் காட்டச் சொல்லி என் முன்னால் கவிழ்த்தார்கள். உள்ளே அரிசிச் சாக்கை நீளநீளமாகக் கிழித்த துண்டுகள். பத்து. போலீஸ்காரருக்கு அது என்னவென்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உறைபனி பிடித்த கல்லில் செருப்பு வழுக்கும், சாக்குத் துணியைக் காலில் சுற்றிக்கொண்டால் வழுக்காது, தோட்டத்தில் அப்படித்தான் நடப்போம் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். ஐந்து பேருக்குப் பத்துத் துண்டு. தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

நம்ம ஊர் பனி என்று நான் சொன்னேன். நான் சொன்னது மன்னார்குடி. அவர் கேட்டது கோத்தகிரி. இத்தனை வருஷம் வகை பிரித்துச் சொல் சொல் என்று கெஞ்சிய மனிதரிடம் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன். அது உறைபனி என்றும், மேலே ஐந்து பேர் வழுக்குப் பாறையில் நிற்கிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டு, எந்த நாளும் கால் வைக்காத சரிவில் ஓடி ஏறியிருக்கிறார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் இன்னொருவர் கெட்டார்.

கம்பெனியிலிருந்து ஊருக்குச் செய்தி போயிருந்தது. ஆனால் உடன் இருந்தவர்களிடம் பேச வேண்டும் என்று அவர் மனைவி கேட்டிருக்கிறார். ஆபீசில் போனை என் கையில் கொடுத்தார்கள். அழுகை இருக்கும், அதற்கு என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். அழவில்லை. நான்தான் திணறினேன். மேலே பனி, பனியிலே ஏறினார் என்று உளறிக்கொட்டினேன்.

“என்ன பனிங்க?” என்றார் அந்த அம்மாள்.

 நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூடுபனிங்க என்றேன்.

“தட்டுல?”

“தண்ணியாத்தான் இருந்துச்சு.”

 போனில் காற்றுச் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டார்.

“அத அவருகிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னேன்” என்றேன்.

அதுதான் அந்தப் பொய். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. திருப்பி விழுங்க ஒரு நொடி அவகாசம் இருந்தது, விழுங்கவில்லை.

“மூடுபனின்னு சொல்லியுமா ஏறுனாரு?” என்று தனக்குள் கேட்கிற மாதிரி கேட்டார். “ஏற மாட்டாருங்களே.” அப்புறம், “வயசாயிடுச்சு போலருக்குதுங்க” என்றார். தட்டை மட்டும் யாராவது ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஊரெல்லாம் கேலி செய்த அந்த ஒரு குணத்தை மதித்தவர் அந்த அம்மாள் ஒருத்திதான். மனைவி கண்ணிலும் அவரை நான் கவிழ்த்துவிட்டேன். எது என்ன பனி என்று தெரியாமல் ஏறி விழுந்த கிழவனாக்கிவிட்டேன். போனை எடுத்து அந்த எண்ணைத் தேடி, பிறகு கீழே வைத்துவிடுவதை எத்தனை முறை செய்தேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு மாதம் கழித்துத் தட்டை எடுக்கத் தனியாகப் போனேன். நடுவில் மழை இல்லை, நல்ல வெயில், வேறு யாரும் அந்தப் பக்கம் போகவும் இல்லை. தட்டு காய்ந்து தூசி படிந்திருக்க வேண்டும். விளிம்பு வரை தண்ணீர் நின்றது. வெட்டியிருந்த பெயர் தண்ணீருக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தது. நான் கை வைக்கப் போனபோது கீழே நான்காவது அடுக்கில் கல் தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று. கொஞ்சம் நிறுத்தி, மூன்று. தட்டை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, நான்காவதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு விழுந்தடித்து இறங்கி ரோட்டுக்கு வந்தேன்.

இப்போது சீசன் தொடங்கும்போது முதலில் போய்ப் பார்ப்பது நான்தான். யாரும் சொல்லவில்லை, அது என் தலையில் விழுந்துவிட்டது. புறங்கையைக் கல்லில் வைக்கிறேன், குரல் அனுப்புகிறேன். ஒன்பதில் நீர்ப்பனி, பத்தில் காய்ந்திருக்கிறது. அந்த ஓடைச் சரிவைப் பற்றியும் கடைசியில் சொல்கிறேன். பாலா இப்போது கேலி செய்வதில்லை.

அடுத்த சீசனில் பதினோராவது அடுக்கில் நின்றபோது தட்டுகிற சத்தம் ஆறிலிருந்து வந்தது. மூடுபனிதான் அண்ணே, உறையவில்லை, நீங்கள் ஏற வேண்டாம் என்று கீழே பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். ஏழில் தட்டினார். மறுபடி சொன்னேன். அதோடு நின்றது. இந்தச் சீசனில் ஒன்பதில் ஆரம்பித்தது. என்ன சொல்லியும் நிற்கவில்லை. பத்தில் தட்டிய கூழாங்கல் லேசாக ஆடியதை என் கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் ஆடு எதுவும் இல்லை. என் வார்த்தையை அவர் இனி நம்ப மாட்டார் போலிருக்கிறது. அவருடைய நிலையில் நான் இருந்தாலும் நம்ப மாட்டேன்.

மூடுபனிதான் என்று அந்த அம்மாள் சொன்னால் அவர் நம்புவார். அதனால்தான் பெயர் போடாமலாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எவர்சில்வர் தட்டு என்ற இடத்துக்கு வந்ததுமே அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த சீசனில் அண்ணன் பதினொன்றுக்கு வந்துவிடுவார். வந்ததும் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். அம்மா, அவருக்கு வயதாகிவிடவில்லை. மூடுபனி என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. நம்ம ஊர் பனி என்றுதான் சொன்னேன்.